டிராகன் வேண்டாம், தாயக்கட்டை போதும்: தமிழ் ரோல்பிளே கேமுக்கு காரைக்குடி ஏன் சரியான ஊர்?

நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்கிறார்கள். போன்கள் ஓரமாகக் கிடக்கின்றன. ஒருவர் கதையைத் தொடங்கி வைக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் புகுந்து, “இப்ப நான் இதைச் செய்றேன்” என்கிறார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்கிறது. மூணு மணி நேரம் கழித்து எழுந்திருக்கும்போது, யாருமே முன்கூட்டி எழுதி வைக்காத ஒரு கதை முடிந்திருக்கிறது.

இதுதான் டேபிள்டாப் ரோல்பிளே கேம். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முதல் எபிசோடிலேயே அந்தப் பையன்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்பது இதைத்தான். சென்னை, பெங்களூரு ஐடி வட்டாரங்களில் வார இறுதியில் இதை ஆடும் குழுக்கள் உண்டு. ஆனால் விதிகள் ஆங்கிலம், கதைகள் ஐரோப்பியக் கோட்டைகள், பேச்சு மட்டும் பாதித் தமிழ்.

இந்த விளையாட்டு தமிழுக்கு முழுசாக வர வேண்டும். ஒரு நல்ல விதிநூலும், வருஷத்துக்கு ஒருமுறை கூடி ஆட ஓர் ஊரும் இருந்தால் போதும். அந்த ஊர் சென்னையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. காரைக்குடியே அதற்குப் பொருத்தம். கேட்க விளையாட்டாகத் தோன்றலாம். காரணங்கள் அப்படியில்லை.

தொடங்கியதே ஒரு சின்ன ஊரில்தான்

ரோல்பிளே கேம்களின் தாய்வீடு நியூயார்க்கோ லண்டனோ அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற ஏரிக்கரை ஊர். இன்றும் அங்கே பத்தாயிரம் பேர் கிடையாது. 2011 கணக்கெடுப்பிலேயே லட்சத்தைத் தாண்டிய காரைக்குடிக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஒரு கிராமம்.

அந்த ஊரில் 1968-ல் கேரி கைகாக்ஸ் என்பவர் ஒரு ஹாலை 50 டாலருக்கு வாடகைக்கு எடுத்து, போர் விளையாட்டு ஆடுபவர்களை வரச் சொன்னார். வந்தவர்கள் சுமார் நூறு பேர். ஊர்ப் பெயரை வைத்தே அதற்கு ‘ஜென் கான்’ என்று பெயர் வந்தது. 1974-ல் அதே கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டார்கள். முதல் பதிப்பு 1,000 பிரதி. பெட்டிகளில் அடுக்கும் வேலைகூட வீட்டிலேயே நடந்தது. ஒரு வருஷத்துக்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது.

இன்று ஜென் கான் இண்டியானாபோலிஸ் நகரில் நடக்கிறது. 2024-ல் வந்தவர்கள் 71,000 பேருக்கு மேல். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் நடக்கும் ‘ஸ்பீல்’ திருவிழாவுக்கு அதே வருஷம் இரண்டு லட்சம் பேர் போனார்கள். இந்தியாவிலும் மும்பையில் ‘மீப்பிள்கான்’ நடக்கிறது. 2024 பிப்ரவரியில் காமிக் கான் முதல்முறையாகச் சென்னைக்கு வந்தது.

ஆக, பெரிய ஊர், பெரிய ஸ்பான்சர், பெரிய அரங்கம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் எதுவும் தொடங்காது. ஒரு ஹாலும் நூறு பேரும் போதும் என்பதற்கு வரலாறே சாட்சி.

2023-ல் மாறிய முக்கியமான விஷயம்

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இப்போது ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதன் துணை நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2000-ல் ஒரு திறந்த உரிமத்தைக் கொடுத்தது. அடிப்படை விதிகளை எடுத்து யார் வேண்டுமானாலும் தங்கள் கதைப் புத்தகங்களை எழுதி விற்கலாம் என்பது அதன் சாரம். அதை நம்பி நூற்றுக்கணக்கான சிறு பதிப்பாளர்கள் பிழைத்தார்கள்.

2023 ஜனவரியில் அந்த உரிமத்தை மாற்றப் போவதாக ஒரு வரைவு கசிந்தது. வருஷத்துக்கு 7.5 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் பார்ப்பவர்கள், அதற்கு மேல் வரும் தொகையில் 25 சதவீதம் வரை ராயல்டி கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. ரசிகர்கள் கொதித்தெழுந்து ஆன்லைன் சந்தாக்களை ரத்து செய்தார்கள். போட்டி நிறுவனமான பைசோ, ‘நாங்களே ஒரு திறந்த உரிமம் கொண்டுவருகிறோம்’ என்று அறிவித்தது. அந்த மாதம் முடிவதற்குள் விசார்ட்ஸ் பின்வாங்கியது. ஜனவரி 27 அன்று, சுமார் 400 பக்க அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் வைத்துவிட்டது. கொடுத்ததை இனி திரும்பப் பெற முடியாது. 2025 ஏப்ரலில் புதுப்பித்த விதிகளும் அதே வழியில் வந்தன.

இதற்கு அர்த்தம் எளிது. அந்த விதிகளைத் தமிழில் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சடித்து விற்கலாம். மூலம் எது என்று ஒரு வரி குறிப்பிட்டால் போதும். விளையாட்டின் வணிகப் பெயரை மட்டும் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளில் நிறுவனமே அந்த விதிகளை வெளியிட்டது. தமிழுக்கு அவர்கள் வருவார்கள் என்று காத்திருக்கத் தேவையில்லை. கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது.

அடுத்தவர் எழுதும் வரை காத்திருக்கலாமா?

இந்தியக் கதைகள் இந்த உலகத்துக்குள் வரத் தொடங்கி சில வருஷங்கள் ஆகின்றன. 2022-ல் வந்த ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்’ என்ற அதிகாரப்பூர்வ டி அண்ட் டி புத்தகத்தில் 13 சாகசக் கதைகள். கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் எழுதியது வங்கத்து மண்ணையும் ஆற்றையும் பின்னணியாகக் கொண்டது. அந்தப் புத்தகத்தை முன்னின்று உருவாக்கிய இருவரில் ஒருவரான அஜித் ஜார்ஜ், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள சாந்தி பவன் பள்ளியின் நிர்வாகத்தில் இருப்பவர். அவர் 2021-ல் எழுதிய ‘கலாகேரி’ என்ற திகில் தேசமும் இந்தியச் சாயல் கொண்டதே.

இவை நல்ல முயற்சிகள். ஆனாலும் முதலில் ஆங்கிலத்தில், உலகச் சந்தைக்காக எழுதப்பட்டவை. நாளைக்கே ஒரு வெளிநாட்டுப் பதிப்பாளர் செட்டிநாட்டு வீட்டைப் பின்னணியாக வைத்து ஒரு புத்தகம் போடலாம். அதில் என்ன இருக்கும் என்று யூகிப்பது கஷ்டமில்லை. தேக்குத் தூண்கள், பூட்டிய அறை, ஒரு பேய், ஒரு புதையல். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த வீட்டைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்வி மட்டும் இருக்காது. பந்தயத்தில் இருப்பது அதுதான்.

‘லெவல் அப்’ என்பது செட்டிநாட்டுக்குப் புதுசா?

ரோல்பிளே கேமில் ஒரு பாத்திரம் சின்ன நிலையில் தொடங்கி, அனுபவம் சேரச் சேரப் படிப்படியாக உயரும். இந்த அமைப்பு செட்டிநாட்டு வணிகத்தில் அப்படியே இருந்தது.

பர்மா, மலேயா, இலங்கை, வியட்நாம் என்று நகரத்தார் கடை விரித்த இடங்களில் ஒரு பையன் முதலில் ‘பெட்டியடிப் பையன்’. பிறகு ‘அடுத்தாள்’. திறமை இருந்தால் கடையையே நடத்தும் ‘மேலாள்’. பிற்பாடு சொந்தமாகத் தொழில். கொண்டுவிற்கப் போனவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷக் கெடு. அது முடிந்தால்தான் ஊர் திரும்பலாம். இப்படி ஒரு பையனை வைத்துத் தொடங்கும் கதைக்கு டிராகன் எதற்கு?

எப்படி ஆடலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: வருஷம் 1938. இடம் ரங்கூன் மொகல் தெரு, செட்டியார் கடைகள் வரிசையாக இருந்த தெரு.

கதைசொல்லி: “மழை கொட்டுது. கடை வாசல்ல ஒரு பர்மாக்கார விவசாயி நனைஞ்சுக்கிட்டு நிக்கிறார். கடனுக்கு இன்னும் ஒரு மாசம் தவணை கேக்குறார். மேலாள் வெளியூர் போயிருக்கார். நீ பெட்டியடிப் பையன். என்ன செய்றே?”

ஆடுபவர்: “அடுத்தாள்கிட்ட சொல்லாம, நானே தவணை எழுதிக் குடுத்துடுறேன்.”

கதைசொல்லி: “சரி, கட்டையை உருட்டு.”

விழுந்தது மூணு.

கதைசொல்லி: “எழுதிக் குடுத்துட்டே. அவர் கும்பிட்டுட்டுப் போயிட்டார். ஆனா திரும்பிப் பார்த்தா, பின்னாடி அடுத்தாள் நிக்கிறார்.”

அவ்வளவுதான் ஆட்டம். வாள் இல்லை, மந்திரம் இல்லை. ஆனால் மேஜையில் இருக்கும் எல்லோரும் அடுத்து என்ன என்று முன்னால் சாய்ந்துவிடுவார்கள்.

இரண்டு கட்டை, பதினாறு வாய்ப்பு

டி அண்ட் டி ஆட 20 முகம் கொண்ட பகடை வேண்டும். அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு, 5 சதவீதம். தாயக்கட்டை அப்படியில்லை. ஒரு கட்டையின் நான்கு பக்கங்களில் மூன்றில் 1, 2, 3 புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டையைச் சேர்த்து உருட்டினால் மொத்தம் 16 வகையாக விழலாம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சுவாரசியம் தெரியும். அதிகமாக விழுவது மூணு, பதினாறுக்கு நாலு தடவை. தாயம் விழுவது பதினாறுக்கு இரண்டு. பன்னிரண்டும் ஆறும் பதினாறுக்கு ஒன்றுதான். “தாயம் விழவே மாட்டேங்குது” என்று ஆச்சிகள் சலித்துக்கொள்வதில் கணித நியாயம் இருக்கிறது.

இதை வைத்தே ஒரு விதி அமைக்கலாம். பல வீடுகளில் மறு ஆட்டம் கொடுக்கும் 1, 5, 6, 12 விழுந்தால் காரியம் முழு ஜெயம். இதற்கு வாய்ப்பு 37.5 சதவீதம். 3 அல்லது 4 விழுந்தால் காரியம் நடக்கும், ஆனால் ஒரு சிக்கலும் கூடவே வரும். இது சுமார் 44 சதவீதம். 2 விழுந்தால் தோல்வி, சுமார் 19 சதவீதம். நல்ல கதைக்கு வேண்டியதே இதுதான்: முழுத் தோல்வி குறைவு, சிக்கலோடு கூடிய வெற்றி அதிகம். மேலே பையனுக்கு விழுந்த மூணு அப்படிப்பட்டதே. 400 பக்க விதிகளை மொழிபெயர்ப்பது ஒரு வழி. கையில் இருக்கும் கட்டையை வைத்து 40 பக்கத்தில் புதிதாக எழுதுவது இன்னொரு வழி. முதல் முயற்சிக்கு இரண்டாவதே மேல்.

பழைய விளையாட்டுகளுக்குப் புது வாழ்வு கொடுக்க முடியும் என்பதும் நிரூபணமான விஷயம். சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002-ல் தொடங்கிய ‘க்ரீடா’, பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம், பரமபதம் போன்றவற்றைத் திரும்பக் கடைக்குக் கொண்டுவந்தது. அடுத்த படி, அந்தக் கட்டைகளுக்குப் புதுக் கதைகளைக் கொடுப்பது.

கூட்டம் கூட்டத் தெரிந்த ஊர்

காரைக்குடிக்கு மாநாடு நடத்துவது பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் 1939-லிருந்து இங்கே விழா எடுத்துவருகிறது. பங்குனியில் காரைக்குடியில் தொடங்கி, கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில் நிறைவடையும் விழா அது. கைகாக்ஸ் ஹால் பிடிப்பதற்கு 29 வருஷம் முன்பே, ஒரு கதையைப் பற்றிப் பேசுவதற்காக மட்டும் ஜனங்கள் ஊர் ஊராக ரயில் ஏறி இங்கே வந்தார்கள்.

பட்டிமன்றமும் வழக்காடு மன்றமும் மேடைக் கலையாகப் பரவியதில் காரைக்குடிக்குப் பெரிய பங்கு உண்டு. வழக்காடு மன்றத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று வழக்கு. ஒருவர் குற்றம் சாட்டுகிறார், ஒருவர் மறுக்கிறார், நடுவர் தீர்ப்புச் சொல்கிறார். ஒரு கதைப் பாத்திரத்தின் தரப்பில் நின்று, அந்த நிமிஷத்தில் யோசித்துப் பேச வேண்டும். பகடை ஒன்றுதான் குறை. மற்றபடி இது ரோல்பிளேதான். ‘கேம் மாஸ்டர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடி அலைய வேண்டாம். நடுவர் என்றாலே ஊருக்குப் புரியும்.

புத்தகம் யார் போடுவது?

“இதெல்லாம் சரி, வாங்குவது யார்?” என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சிவகாசியில் இருக்கிறது. 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984-ல் வந்த லயன் காமிக்ஸும் இரும்புக்கை மாயாவி முதல் டெக்ஸ் வில்லர் வரை தமிழ் பேச வைத்தன. பெரிய விளம்பரம் இல்லை. சந்தாவும் முன்பதிவுமே அவற்றைத் தாங்குகின்றன. ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் வாசகர்கள் ஒன்றுகூடுவதும் வழக்கம். யாரும் கான் என்று பெயர் வைக்கவில்லையே தவிர, அதுவும் கான்தான். சில நூறு பேர் முன்பணம் கட்டினால் ஒரு புத்தகம் அச்சேறும் என்ற வழி தமிழில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது.

செட்டிநாட்டுக்கும் பதிப்புக்கும் உள்ள உறவும் பழசு. சக்தி வை. கோவிந்தனும் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் ராயவரத்துக்காரர்கள். துப்பறியும் சங்கர்லாலைக் கொடுத்த தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக இருக்கின்றன. 1930-களின் விளம்பரம், நோட்டீஸ், பயணக் குறிப்பு என்று ஒரு விளையாட்டு எழுத்தாளருக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் அங்கே கிடைக்கும்.

பெருமை மட்டும் பேசினால் விளையாட்டு இல்லை

ஒரு ஆபத்தும் இருக்கிறது. செட்டிநாடு என்றதும் ஆத்தங்குடி டைல்ஸ், பர்மா தேக்கு, விருந்து என்று சுற்றுலாப் போஸ்டர் மாதிரியே விளையாட்டும் அமைந்துவிடலாம். அப்படி நடந்தால் இத்தனை முயற்சியும் வீண்.

தென்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த விளைநிலம் சுமார் 6 சதவீதம். 1937-ல் அது சுமார் 25 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியது. கடன் கொடுத்தவர்களுக்கும் வேண்டியது பணம்தான், நிலம் அல்ல. இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்ட கதை அது. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள். காட்டு வழியே நடந்து வந்தவர்களில் ஏராளமானோர் வழியிலேயே இறந்தார்கள்.

இந்த வரலாற்றைப் பாடமாகப் படிப்பது வேறு. அந்த விவசாயியாக ஒரு ராத்திரி உட்கார்ந்து பேசுவது வேறு. ரோல்பிளேயின் பலம் அங்கேதான். இன்று மேலாளாக ஆடியவர் அடுத்த வாரம் நிலத்தை இழந்தவராக ஆடலாம். ஆண்கள் கடல் தாண்டிப் போயிருந்த மூன்று வருஷமும் ஊரில் வீட்டை நடத்திய ஆச்சியாக ஆடலாம். சுவருக்குச் சுண்ணாம்பு இழைத்த கொத்தனாராக ஆடலாம். சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம், இளம் வயதில் இந்தோனேசியாவின் மெடான் நகருக்கு வேலைக்குப் போனவர். ‘புயலிலே ஒரு தோணி’ நாவல் அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. பெருமையும் துயரமும் கேலியும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அது முன்னுதாரணம்.

எங்கே, எப்படித் தொடங்கலாம்?

முதல் கூட்டத்தை ஆடம்பர ஹெரிட்டேஜ் ஹோட்டலில் வைத்தால் போட்டோ நன்றாக வரும், ஆட ஆள் வராது. வருபவர்களும் டிக்கெட் வாங்க வசதி உள்ளவர்களாக மட்டும் இருப்பார்கள். அழகப்பா பல்கலைக்கழகமும் அரசுக் கல்லூரியும் இருக்கும் ஊரில் ஒரு கல்லூரி அரங்கு கிடைக்காமல் போகாது. ஐந்து மேஜை, ஐந்து நடுவர், இருபத்தைந்து ஆட்டக்காரர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கையில் 40 பக்கப் புத்தகம், இரண்டு தாயக்கட்டை. கல்லூரி மாணவர்களுக்கு இலவசம். இதற்கு மேல் முதல் வருஷம் எதுவும் வேண்டாம்.

“இது வெட்டிப் பொழுதுபோக்கு” என்று சொல்பவர்கள் இருப்பார்கள். மூணு மணி நேரம் ரீல்ஸ் தள்ளாமல், எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுப் பதில் பேசும் பழக்கம் வெட்டி என்றால், பட்டிமன்றமும் வெட்டிதான். “விளையாட்டு வந்தால் வீடுகள் பிழைத்துவிடுமா?” என்று கேட்பவர்களும் உண்டு. பிழைக்காது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பங்காளிகள் பலருக்கும் பொதுவான பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. ஒரு விளையாட்டு ஓட்டை மாற்றாது, ஒழுகலை நிறுத்தாது. ஆனால் தாத்தா எந்த ஊருக்குக் கப்பல் ஏறினார், ஏன் திரும்பினார், யாரை விட்டுவிட்டு வந்தார் என்று ஒரு பேரனையோ பேத்தியையோ கேட்க வைக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அந்த எண்ணிக்கை குறைகிறது.

உரிமம் இலவசம். கட்டை பெட்டகத்தில் கிடக்கிறது. அச்சகம் பக்கத்து மாவட்டத்தில். இனி வேண்டியது, அந்த 40 பக்கத்தை எழுத உட்காரும் நாலு பேர். அவர்கள் பெங்களூரில் லேப்டாப் முன்னால் இருக்கும் காரைக்குடிக்காரர்களாகவும் இருக்கலாம். பங்குனிக்கு ஊருக்கு வரும்போது கையெழுத்துப் பிரதியோடு வந்தால், ஆடிப் பார்க்க ஆள் இருக்கும்.